இரண்டு நொடிக்கு ஒரு சிரட்டை

அருமனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு
ரோடு நேராக வருவதில்லை.
ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்,
ரப்பர் தோட்டத்தைக் கிழித்துக்கொண்டு
சிமென்ட் சரிவாய் எழும்பி
கேட்டருகில்தான் மூச்சு விடும்.

பார்வதிபுரம் ஷோரூம் பையன் சொன்னான்:
"ஏத்தத்துல நிறுத்தினா பின்னால உருளாது மேடம்,
ரெண்டு செக்கண்டு அதுவே பிடிச்சுக்கிடும்."
வின்ஸ்லி சிரித்தார்.
"பின்ன கைபிரேக்கு எதுக்காக்கும் வச்சிருக்கான்?"
பதினெட்டு வருஷம் தடிலாரி ஓட்டியவர்.
கிளட்ச் எந்த இடத்தில் கடிக்கும் என்பது
அவர் இடது காலுக்குச் செருப்பு வழியாகவே தெரியும்.

எனக்குத் தெரிந்தது வேறு.
சந்தை நாள், சர்ச் ஏற்றம்,
முன்னால் அன்னாசி ஏற்றிய ஆட்டோ அணைந்துபோக,
பேச்சிப்பாறை பஸ்
என் டிக்கியில் மூக்கை வைத்து நிற்கிறது.
வலது கால் ஒன்று. அது போகவேண்டிய பெடல் இரண்டு.
ஒன்றை விட்டு மற்றதைத் தொடுவதற்குள்
பழைய கார் ஒரு முழம் பின்னால் சரிந்தது.
டிரைவர் சொன்ன வார்த்தையில்
என் அம்மையும் இருந்தாள்.

ஆகவே சனிக்கிழமை,
மழையானதால் பால்வெட்டு இல்லை,
மரத்திலிருந்து நான்கு சிரட்டைகள் எடுத்தேன்.
சரிவின் நடுவில் புதுக் காரை நிறுத்தி
பின்சக்கரத்துக்குப் பின்னால்
இரண்டு விரல் தள்ளி ஒன்றைக் கவிழ்த்தேன்.

உள்ளே எங்கோ ஒரு பொருள்
தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கிறதாம்.
கால் எடுத்த பிறகும், நான் மிதித்த மிதியைக்
குழாய் எண்ணெயில் அடைத்து வைக்கிறதாம்.
எஞ்சின் இழுக்கத் தொடங்கியதும் திறந்துவிடுகிறதாம்.
புதிதாக அது எதையும் மிதிப்பதில்லை.
அது என் மிதிதான்,
இரண்டு நொடி பழசு.

முதல் சிரட்டை அசையவில்லை.
இரண்டாவதின்மேல் ஓர் இலை விழுந்து கிடந்தது,
அதுவும் அப்படியே.
மூன்றாவதில்
கிளட்சை முழுக்க மிதித்தபடி பிரேக்கை விட்டு,
அடுப்பை அணைத்தோமா என்று யோசித்தேன்.
ஒன்று.
இரண்டு.
டப்.

நான்காவதுக்கு வின்ஸ்லி உட்கார்ந்தார்.
கைபிரேக்கை இழுத்தார், கிளட்சைப் பைய விட்டார்.
காரின் மூக்கு லேசாகத் தூக்கியது,
அப்புறம்தான் கையை எடுத்தார். சிரட்டை முழுசு.
"கண்டியா?" என்றார்.
"உமக்கும் அதுதானே பிடிச்சுது" என்றேன்.
பிடித்தது கையா காரா என்று
கஞ்சி ஆறும்வரை தர்க்கம்.

பிளசி போனில் கேட்டாள், அவளும் வாங்கப்போகிறாள்:
அது இருந்தால் கொள்ளாமா?
சமதரையில் அது இருப்பதே தெரியாது என்றேன்.
பாசி பிடித்த சிமென்டில்
சக்கரத்தைப் பிடிக்கும், ரோட்டைப் பிடிக்காது.
நிறுத்திவிட்டு இறங்கினால் அதற்கும் உனக்கும் பேச்சில்லை,
அப்போது கைபிரேக்குதான்.
கைபிரேக் பழகினவளுக்கு அவசியமில்லை.
பின்னால் பஸ் நிற்கும்போது மட்டும்
பழகினவள் யாருமில்லை.

திங்களன்று அதே சர்ச் ஏற்றம்.
கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர்,
முன்னால் நிற்கிற குழந்தை, காலிடையில் சக்கைப்பழம்,
பம்பரைத் தொடுகிற தூரம்.
கால் மாற்றினேன்.
ஏறிப் போய்விட்டேன்.
அந்த ஆள் ஹாரன்கூட அடிக்கவில்லை,
எதுவும் நடக்கவில்லை என்பது
அவருக்குத் தெரிய வழியில்லை.

மூன்று சிரட்டைகள் மரத்துக்குத் திரும்பின.
உடைந்ததில் ஒரு சில்லு மட்டும்
டயரின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது.
மெதுவாகப் போகும்போது கேட்கிறது:
டக், டக்.
எண்ணத் தெரியாத பிள்ளைபோல
ஒன்று, ஒன்று, ஒன்று என்றே
வீடுவரை வருகிறது.